பிளேன்டி நிறத்து ஆறு

என் கணவர் வேலை பார்த்த காலம் முழுவதும் நீர்ப்பாசனக் கந்தோரில் வரைபடம் வரைந்தவர். குளம், வாய்க்கால், மதகு என்று தண்ணீரோடேயே சீவித்தவர். அப்படிப்பட்ட மனிதருக்குத் தண்ணீரின் நிறம் தெரியாமல் போனது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். வெயில் எறித்தால் அது நீலம். முகில் போட்டால் சாம்பல். கண்டல் மரங்களின் ஓரத்தில் கரும்பச்சை. இதைக் கண்டுபிடிக்க ஓவியராக இருக்கத் தேவையில்லை, கல்லடிப் பாலத்தில் பஸ்ஸில் போனாலே போதும். ஆனால் எங்கள் வீட்டுச் சுவர்களில் தொங்குகிற ஆறு மட்டும் பிளேன்டி நிறம். பால் விடாமல், நல்ல தேயிலைச் சாயம் இறங்கிய பிளேன்டி. சீனி போட்டால் குடித்துவிடலாம்.

எங்கள் பக்கத்தில் இயற்கைக் காட்சிகளை முதலில் வரையத் தொடங்கியவர்கள் யார் என்று இப்போது ஆய்வு செய்கிறார்களாம். ஆய்வு எதற்கு? என்னைக் கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறேன். எனக்குத் தெரிந்தவரை மூன்று பேர். மூன்று பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவள் நான்.

ஒருவர் என் கணவர். அடுத்தவர் ஆரையம்பதியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். போர்டுக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். என்ன படம் வரைந்தாலும் வலது மூலையில் தன் பெயரையும் டெலிபோன் இலக்கத்தையும் நிழல் விழுத்திப் பெரிய எழுத்தில் எழுதிவிடுவார். அஸ்தமனச் சூரியனுக்குக் கீழே டெலிபோன் இலக்கம் பளபளக்கும். மற்றவர் காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருப்பவர். அங்குள்ள முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். என் கணவருக்குக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் எங்கள் வீட்டிலும் அவர் காக்காதான். சேலையைக் கொண்டுபோகாமல் அதன் நிறத்தை வாயால் சொன்னாலே போதும், பொருத்தமான சட்டைத்துணியை எடுத்து வெட்டித் தருவார். வீட்டில் வைத்துப் பார்த்தால் அச்சொட்டாக இருக்கும்.

சண்டை ஓயும் வரைக்கும் எங்கள் பக்கத்தில் வெளியில் உட்கார்ந்து படம் வரைவது நடக்கிற காரியம் அல்ல. பாலத்தைப் பார்த்துக்கொண்டு பென்சிலைப் பிடித்தால் ஆமிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். சண்டை ஓய்ந்து, என் கணவரும் ஓய்வு பெற்று, வீட்டில் என் சமையலுக்குக் குறை சொல்ல ஆரம்பித்த காலத்தில்தான் மூவரும் சேர்ந்தார்கள். ஞாயிறு விடிய ஆளுக்கொரு குடை, ஒரு பலகை, ஒரு சிறிய ஸ்டூல். ஆற்றங்கரையில் போய்க் குந்திவிடுவார்கள்.

அதுவரைக்கும் எங்கள் ஊர் வீடுகளில் சாமிப்படம் இருக்கும், இல்லாவிட்டால் கலண்டரில் வந்த ஐஸ் மலையும் மரவீடும் இருக்கும். ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் வாசலைத் திறந்தால் சரி, அதை ஏன் கீறிச் சுவரில் தொங்கவிட வேண்டும் என்பது ஊரின் நியாயம். அதனால் இவர்கள் கரையில் குந்தியிருப்பதைப் பார்த்தவர்கள் நிலம் அளக்க வந்தவர்கள் என்றே நினைத்தார்கள். "ஹோட்டல் கட்டப் போறீங்களோ?" என்று கேட்டு ஒரு கிழவர் ஒரு வாரம் முழுக்கப் பின்னால் திரிந்தார். தோணிக்காரர் ஒருவர் தன் தோணியைப் படத்தில் கண்டதும், "நம்பரையும் போடுங்க சேர். இல்லாட்டி மற்றவன் தன்ட தோணி எண்டு சொல்லுவான்," என்று சண்டைக்கு வந்தார். போர்டுக்காரர் நம்பர் எழுதிக் கொடுத்தார். இலக்கம் எழுதுவதென்றால் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

என் வீடு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தேத்தண்ணீர்க் கோப்பையில் டர்பன்டைன். என்னுடைய நல்ல நூல்சேலை ஒன்று தூரிகை துடைத்தே முடிந்து போனது. நான் கணக்குப் படிப்பித்த டீச்சர், எனக்கு எதுவும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். இந்த மூவருக்கும் எதுவும் எங்கும் இருக்கலாம்.

ஆனால் ஆட்கள் சேர்ந்தார்கள். வங்கியில் வேலை செய்கிற ஒரு தம்பி வந்தார். ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி வந்தாள். அமிர்தகழியில் இருந்து சங்கீத டீச்சர் ஒருவர் வந்தார். பிறகு இளம் பெடியன்களும் பெட்டைகளும். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் கரை நெடுக வரிசையாகக் குடைகள், நேர்த்திக்கடனுக்கு வந்து நிற்பவர்களைப் போல. என் கணவருக்கு அவர்கள் எல்லோரும் "சேர், சேர்" என்று உருகினார்கள். போர்டுக்காரர் திடீரென்று மாரடைப்பில் காலமான பிறகு அந்த உருக்கம் இரட்டிப்பானது. அவர் உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கதைக்கே இடமிருக்காது. அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஆள்.

அதற்குப் பிறகுதான் தண்ணீர் நிறம் மாறத் தொடங்கியது. முதல் வருடங்களில் என் கணவரின் ஆறு ஆறு மாதிரித்தான் இருந்தது. மெல்ல மெல்லப் பச்சை மங்கியது, நீலம் காணாமல் போனது, பழுப்பாகக் கபில நிறம் ஏறியது. நான் கேட்டேன்.

"தண்ணி ஏன் இப்படி இருக்கு? ஆத்துக்குள்ள யாரும் தேயிலைச் சாக்கை விழுத்திப்போட்டாங்களா?"

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "நீ பார்க்கிறது மேல் தண்ணி. நான் கீறுறது அடித்தண்ணி," என்றார்.

அது ஏதோ ஆழமான கதை என்று நினைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு அந்த வசனத்தை அவர் கரையில் போய்ச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், எல்லோரும் அடித்தண்ணி கீறத் தொடங்கிவிட்டார்கள். நீலக் குழாய்களை வாங்குவாரில்லை. கபிலக் குழாய் கடையில் தட்டுப்பாடு. ஒரு முறை கொழும்பில் இருந்து துணிப்பை தோளில் போட்ட ஒருவர் வந்து படங்களையெல்லாம் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். பிறகு, போரின் துயரம் முழுவதும் இந்த நீரில் கரைந்து கிடக்கிறது என்றார். என் கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாகத் தலையாட்டினார். நான் குசினி வாசலில் நின்று அந்தத் தலையாட்டலைப் பார்த்தேன். எனக்குத் தெரியும், காய்கறி விலை கேட்டாலும் அவர் அப்படித்தான் தலையாட்டுவார்.

நீலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் காக்கா ஒருவர்தான். நானும் அவரும் ஒரு கட்சி என்று எனக்குள் ஒரு தெம்பு இருந்தது. ஒரு ஞாயிறு பகல் என் கணவர் பாட்டு முணுமுணுத்தபடி வீட்டுக்கு வந்தார். "காக்காவும் ஒத்துக்கொண்டுட்டார். இண்டைக்குக் கபிலத்திலதான் கீறினவர்," என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கட்சியில் நான் மட்டும் மிஞ்சினேன்.

இப்படியே காலம் போயிருக்கும், அந்தச் சாரம் இல்லாவிட்டால். பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பில் கட்டுகிற சாரம் மதிலில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்து ஒரு நாள் பின்னேரம், "வாங்க, வாங்க, ஏன் அங்கேயே நிக்கிறீங்க?" என்று என் கணவர் உபசரித்தார். சாரம் வரவில்லை. "மரியாதை தெரியாத மனிசன்," என்று உள்ளே வந்து சொன்னார். அடுத்த நாளே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு கண்ணிலும் முற்றிய புரை. டொக்டர் என்னைத்தான் ஏசினார். இவ்வளவு நாளும் இவர் எப்படி நடமாடினார் என்று கேட்டார். "நடமாடினது மட்டுமில்ல டொக்டர், படமும் கீறினவர்," என்றேன். டொக்டர் சிரித்துவிட்டு, இந்த அளவுக்குப் புரை முற்றினால் நீலத்துக்கும் கபிலத்துக்கும் வித்தியாசம் தெரியாது, எது கைக்கு வருகிறதோ அதுதான் நிறம் என்றார். அந்த இடத்திலேயே எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. வயது காரணமாகக் குதிக்கவில்லை.

ஆப்பரேஷன் முடிந்து இரண்டாவது கண்ணின் கட்டையும் அவிழ்த்த அன்று அவர் முதலில் பார்த்தது என்னைத்தான். நீண்ட நேரம் பார்த்தார். இந்த வயதில் இப்படிப் பார்க்கிறாரே என்று எனக்கும் ஒரு மாதிரி இருந்தது.

"இந்த நீலச் சேலை எப்ப வாங்கினாய்?" என்று கேட்டார்.

"மூத்தவள்ட கலியாணத்துக்கு."

"நான் இது மண் நிறம் எண்டெல்லோ நினைச்சன்," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "உன்ட முகத்தில இவ்வளவு சுருக்கம் இருந்ததா?" என்றார். அவர் இவ்வளவு நேரம் எதைப் பார்த்தார் என்று தெரிந்துகொண்டதும் பழையபடி புரையை வைத்துத் தைத்துவிடச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எங்கள் வீட்டில் கண் திறந்த பிறகுதான் கிரகணம் பிடித்தது. வெளியில் போகலாம் என்று டொக்டர் சொன்ன முதல் நாளே அவரை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போனேன். அவருக்கு வண்டி ஓட்டத் தடை. காலை வெயில். ஆறு பட்டு விரித்தது போல் நீலமாகக் கிடந்தது. அவர் இறங்கி நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்து தன் படங்களைப் பார்த்தார். பிறகு கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

நான் பழி தீர்க்கும் மனநிலையில்தான் உள்ளே போனேன். "அடித்தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்க வாய் உன்னியது. ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார்.

"எனக்குக் கண் தெரியாம இருந்தது பரவாயில்ல. அத்தனை பேர்ட கண்ணையும் எல்லோ கெடுத்துப்போட்டன்," என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் முன்னோடி மூவருக்கும் ஒரு கண்காட்சி வைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். நகர மண்டபம் எடுத்தாகிவிட்டது, அழைப்பிதழும் அச்சுக்குப் போய்விட்டது. பிளேன்டிப் படம் ஒன்றாவது அந்தச் சுவரில் ஏறினால் தான் மண்டபத்துக்கு வரப்போவதில்லை என்று என் கணவர் சொன்னார். சும்மா சொல்லவில்லை. அந்த மனிதர் வீம்புக்குச் சொல்வதற்கும் மனம் நொந்து சொல்வதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். தன் வேலை முழுக்கப் பிழை, அதை ஊர் கூடி மாலை போட்டுப் பாராட்டப் போகிறது என்ற நினைப்பை அவரால் தாங்க முடியவில்லை.

முதலில் கரைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். ஞாயிறு காலை, குடைகளுக்கு முன்னால் நின்று, "பிள்ளைகள், தண்ணி நீலம். எனக்குக் கண்ணில புரை இருந்திருக்கு. இவ்வளவு நாளும் நான் பிழையாக் கீறி, உங்களையும் பிழையாக் கீற வச்சிட்டன்," என்றார்.

சங்கீத டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டு, "சேர் எங்களச் சோதிக்கிறார்," என்றார்.

"சோதிக்கல்ல. திரும்பிப் பாருங்க, நீலமா இல்லையா?"

எல்லோரும் திரும்பி ஆற்றைப் பார்த்தார்கள். "அது மேல் தண்ணி சேர்," என்றார் வங்கித் தம்பி. பிறகு இரக்கத்தோடு, "மாரி வெள்ளம் வந்தா நீங்க கீறின நிறம்தானே," என்றும் சேர்த்துக்கொண்டார்.

தாதி என்னைத் தனியே குடைக்குப் பின்னால் கூட்டிப் போனாள். "மனம் விட்டுடாதீங்க அன்ரி. சில பேருக்கு ஆப்பரேஷன் செய்து கொஞ்ச நாளைக்கு எல்லாம் நீலமாத்தான் தெரியும். மறுகா சரியாகிடும்," என்றாள். உண்மையைச் சொன்ன ஒரே நாளில் என் கணவரைக் குருடர் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

சனம் நம்பாவிட்டால் படத்தையே திருத்திவிடுவது என்று அடுத்த யோசனை. அவர் ஒரு படத்தையும் விற்றதில்லை. கலியாணத்துக்கும் புது வீடு குடிபூரலுக்கும் பரிசாகக் கொடுத்தே தீர்த்திருந்தார். ஆகவே படங்கள் ஊர் ஊராகத் தொங்கின. நான் ஸ்கூட்டியை ஓட்ட, அவர் பின்னால் தூரிகைக் கட்டோடும் நீலச் சாயத்தோடும் குந்தியிருக்க, வீடு வீடாகப் போனோம். வருத்தக்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்களைப் போல ஒரு பை வாழைப்பழமும் கொண்டுபோனோம். வெறுங்கையோடு போய் எப்படிச் சுவரில் கைவைப்பது?

குருக்கள்மடத்து வீட்டுக்காரி படத்துக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "கனடாவில இருக்கிற மகள் போனில வந்தா முதல் இதைத்தான் காட்டச் சொல்லுவாள். இதப் பார்த்துத்தானே அவள் ஊர நினைக்கிறாள். நீங்க நீலம் அடிச்சா, அம்மா வீடு மாறிட்டீங்களா எண்டு கேப்பாள்," என்றாள். வாழைப்பழத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அமிர்தகழியில் ஒரு மாடிவீடு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் உழைத்து வந்தவர். எங்களை உட்காரச் சொன்னார். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், அந்தச் சோபாச் செட்டி பிளேன்டி நிறம். திரைச்சீலை பிளேன்டி நிறம். சுவர் பால்தேத்தண்ணீர் நிறம். படத்துக்குப் பொருத்தமாக எல்லாவற்றையும் கொழும்பில் தேடி வாங்கியதாகப் பெருமையோடு சொன்னார். என் கணவர் விசயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடியது.

"தண்ணிய மாத்தலாம் சேர், அது பிரச்சினை இல்ல. அப்ப செட்டிய என்ன செய்யிற?"

தூரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு எழும்பினோம்.

ஆரையம்பதியில்தான் ஒருவர் சம்மதித்தார். தோணி வைத்திருப்பவர். "நானும் பார்த்தன், இதென்னடா எங்கட ஆத்துக்குள்ள சேர் சாயத்தண்ணி ஊத்திப்போட்டார் எண்டு. பரிசாத் தந்தத்துக்குக் குறை சொல்லப்படாதே எண்டு பேசாம இருந்தன். அடிங்க சேர், நல்லா அடிங்க," என்று படத்தைக் கழற்றி முற்றத்தில் சாத்தி வைத்தார். என் கணவர் முகத்தில் பல நாளுக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. குனிந்து இருந்து மத்தியானம் வரை நீலம் அடித்தார். முடித்துவிட்டு எழும்பித் தள்ளி நின்று பார்த்தோம்.

தண்ணீர் அருமையான நீலம். ஆனால் கரையும் மரமும் தோணியும் தோணியின் நிழலும் பழைய கபிலத்துக்கு ஏற்றபடி வரைந்தவை. அவை இப்போது தண்ணீரோடு ஒட்டமாட்டோம் என்று நின்றன. தோணிக்காரர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மற்றப் பக்கம் சாய்த்தார்.

"தண்ணி சரி சேர்," என்றார் மெதுவாக. "தோணிதான் பறக்குது."

உண்மைதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கு வந்த கதை. என் கணவர் தூரிகையைக் கழுவாமலே பையில் வைத்தார். திரும்பி வருகிற வழியில் காத்தான்குடிச் சந்தி தாண்டும்போது பின்னால் இருந்து என் தோளைத் தட்டினார்.

"காக்காட கடைக்கு விடு. அவருக்கிட்ட மன்னிப்புக் கேக்கோணும். ஊரில உள்ளவங்கள் என்னைப் பார்த்துப் பழகினவங்கள். அவர் அப்படியில்ல, நீலத்தில நல்லாக் கீறிக்கொண்டிருந்த மனிசன். அவரையும் எல்லோ நான் கெடுத்தன்," என்றார்.

காக்கா முழங்கால் வருத்தத்தால் சில மாதமாகக் கரைக்கு வரவில்லை. அதனால் இந்தக் கூத்து எதையும் அவர் அறியவில்லை. கடையில் மத்தியான நேரம் ஆட்கள் இல்லை. அவர் ஏதோ துணியை அளந்து மடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். என் கணவர் உட்காரவில்லை.

"காக்கா, ஒரு பெரிய பிழை நடந்துபோச்சு. ஆத்துத் தண்ணி நீலம்."

"ஓம்," என்றார் காக்கா.

"நீலம் எண்டு சொல்லுறன்."

"ஓம் தம்பி, நீலம்தான். எப்பயும் நீலம்தானே."

"உங்களுக்குத் தெரியுமா?"

"புடவைக்கடை வச்சிரிக்கன். நீலம் தெரியாம என்னெண்டு யாவாரம் பண்ணுற?"

என் கணவர் ஸ்டூலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "நான் கண் தெரியாதவன், கபிலத்தில கீறினன். நீங்க ஏன் காக்கா கீறினீங்க?"

காக்கா துணியின் மூலையை மூலையோடு சேர்த்து மடித்தார்.

"அந்த ஈஸ்டருக்குச் சேர்ச்சில குண்டு வெடிச்ச பிறகு, வச்சது எங்கட ஆக்கள் எண்டு கடைக்கு ஒரு தமிழ்ச் சனம் வரல்ல, தெரியும்தானே. தெரிஞ்சவங்களே ரோட்டில கண்டா முகத்தைத் திருப்பின காலம். அவங்களையும் குறை சொல்ல ஏலா, செத்த வீடு நடந்த ஊர். நானும் ஆத்தங்கரைக்கு வாறத்த விட்டன். என்னால உங்களுக்கு என்னத்துக்குக் கரைச்சல்? ஒரு ஞாயிறு விடிய நீங்க குடையும் பலகையுமா எங்கட வாசல்ல வந்து நிண்டீங்க. 'வெயில் ஏறப்போகுது காக்கா, வாங்க' எண்டீங்க. வேற ஒரு கதை கதைக்கல்ல. நானும் வந்தன். ரோட்டால போறவன் வாறவன் எல்லாம் பார்க்கிறான். நீங்க எனக்குப் பக்கத்தில ஸ்டூலைப் போட்டு இருந்து கீறுறீங்க. கீறிக் கீறி ஒருக்காத் திரும்பி, 'காக்கா, தண்ணி இந்த நிறம்தானே?' எண்டு கேட்டீங்க. ஓம் எண்டன்."

அவர் மடித்த துணியைத் தட்டில் வைத்தார்.

"தம்பி, அண்டைக்கு நீங்க தண்ணி ரோசாப்பூ நிறம் எண்டு சொல்லியிருந்தாலும் நான் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். வாயால ஓம் எண்டுபோட்டு மறுகா கையால நீலம் அடிக்கிறதா? அது மனிசன் செய்யிற வேலையா?"

என் கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கண்ணில் கை படக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் அதைச் சொல்லவில்லை. எனக்கும் அழுகை வந்தது. அதோடு கோபமும் வந்தது. இத்தனை வருடமும் இந்தத் தண்ணீரைப் பற்றி நான் ஒருத்தி தனியாக நின்று கத்தியிருக்கிறேன், சரியென்று தெரிந்த ஒரு ஆள் இந்தக் கடைக்குள் இருந்திருக்கிறார்.

"நீங்க சொல்லுறது சரி டீச்சர் எண்டு என்னட்டயாவது ஒரு நாள் சொல்லியிருக்கலாமே காக்கா?" என்றேன்.

"சொல்லத்தான் நினைப்பன் டீச்சர்," என்றார் காக்கா. "நீங்க கடைக்கு வந்தா அந்தத் துணிய எடு, இந்தத் துணிய எடு எண்டு மூச்சு விட விடுறீங்களா?"

அன்று வீட்டுக்கு வந்தபின் என் கணவர் நீலச் சாயத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். கண்காட்சிக்குத் தன் படங்கள் எல்லாவற்றையும் இருக்கிறபடியே தரச் சொன்னார். குருக்கள்மடத்துக்காரியும் கொடுத்தாள். செட்டிக்காரர், படம் இல்லாமல் செட்டி பார்க்கச் சகிக்கவில்லை, இரவே திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார். பறக்கிற தோணியும் வந்தது. போர்டுக்காரரின் படங்கள் டெலிபோன் இலக்கங்களோடு வாசலுக்குக் கிட்டத் தொங்கின. காக்காவின் கபிலப் படம் ஒன்றை, அந்த ஈஸ்டர் வருடத்தில் வரைந்ததை, என் கணவர் தன் கையாலேயே தன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

பிரதம விருந்தினராக ஒரு அதிகாரி வந்தார். யாரோ முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், பிளேன்டித் தண்ணீருக்கு முன்னால் நின்று, "இந்த நீரில்தான் எவ்வளவு துயரம்!" என்றார்.

"துயரம் ஒண்டும் இல்ல சேர்," என்றார் என் கணவர். "எனக்குக் கண்ணில புரை."

மண்டபம் சிரித்தது. சங்கீத டீச்சர் மட்டும் இன்னமும் சோதனை முடியவில்லை என்பது போலக் கைகட்டி நின்றார். அதிகாரிக்கும் சிரிப்பு. பக்கத்தில் இருந்த காக்காவின் படத்தைக் காட்டி, "அப்ப இவருக்கும் புரையா?" என்று கேட்டார்.

என் கணவர் சிரிக்கவில்லை.

"இல்ல சேர். இவருக்குக் கண் வடிவாத் தெரியும். தண்ணி நீலம் எண்டும் தெரியும். எனக்குத் துணையாத்தான் இப்படிக் கீறினவர்." காக்காவின் படச்சட்டத்தைத் தொட்டுக்கொண்டு சொன்னார்: "இந்த மண்டபத்தில தொங்கிறதிலயே நல்ல படம் இதுதான்."

எல்லோரும் காக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக யன்னல் பக்கம் நகர்ந்து, மண்டபத்துத் திரைச்சீலையின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது எங்கட கடைத் துணி இல்ல," என்றார்.